மூட வேண்டிய குழிக்கு ஒரு திறப்பு விழா

யூரியாவை வாரி இறைத்தது கொளஞ்சியப்பன்தான். மற்ற விஷயம் எதுவானாலும் வடக்கனந்தலில் இரண்டு கட்சி உண்டு. இந்த ஒன்றில் மட்டும் ஒரே கட்சி. கொளஞ்சியப்பனே அந்தக் கட்சியில்தான் இருந்தார்.

அவர் கை கரும்புக் கை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வருஷா வருஷம் கரும்பு போட்டே பழகிய கை. உரக்கூடைக்குள் இறங்கினால் கரும்புக்கு எவ்வளவு அள்ளுமோ அவ்வளவுதான் அள்ளும். எதிரே நிற்பது மக்காச்சோளம் என்று அந்தக் கைக்கு யார் எடுத்துச் சொல்வது? போதாக்குறைக்கு, அரசாங்கத் தீவனத் திட்டத்தின் களப் பணியாளன் இருசப்பன் மூன்று தடவையாகப் பிரித்துப் போட வேண்டிய உரத்தை மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். "எட ஒதுக்கீடு கேட்டு எப்ப வேணா ரோட்ட மறிப்பாங்கன்னு பேசிக்கிறாங்க கொளஞ்சி. அப்பறம் வண்டி வராது. வாங்கி வெச்சிக்க. மூணு வாட்டியா போடு" என்றான்.

அன்று மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. பெய்யப் போகிற மழையில் எல்லாம் கரைந்துவிடும், மூன்று தடவை குனிவதற்கு ஒரே தடவையாகக் குனிந்தால் இடுப்புக்கும் நல்லது என்று கணக்குப் போட்டார் கொளஞ்சியப்பன். சாயங்காலத்துக்குள் அத்தனையையும் இறைத்து முடித்தார். மேகம் அவர் முடிக்கும்வரை மரியாதையாக நின்று பார்த்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டது. அதற்கப்புறம் அது திரும்பவே இல்லை.

பயிர் வளர்ந்தது. சாதாரணப் பச்சையைத் தாண்டி ஒரு கறுப்பு தட்டிய பச்சை. கிணற்றுத் தண்ணீரைக் கஞ்சிக்கு உப்புப் போடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினார். இலை வெயிலில் சுருண்டாலும் நிறம் குறையவில்லை. வழியே போனவர்கள் நின்று பார்த்தார்கள். கொளஞ்சியப்பனும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்தப் பெருமை அவர் மனைவி தங்கமணியின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு, திட்டத்துக்காக ஒதுக்கிய அந்தச் சோளத் திடலுக்குள் புகுந்த நாள் வரைக்கும் இருந்தது. ஆடு வயிறாரத் தின்றது. வெளியே வந்தது. தள்ளாடியது. ஓடிவந்தது போல மூச்சு வாங்கியது. பொழுது சாய்வதற்குள் காலை நீட்டிவிட்டது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு காப்பித்தூள் நிறத்தில் இருந்தது.

"பாம்பு கடிச்சிருக்கும்" என்றார் கொளஞ்சியப்பன், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"ஆமா, பாம்பு. யூரியா மூட்டையில வந்துச்சி" என்றாள் தங்கமணி. "ஆட்ட கொன்னாச்சி. மாட்ட எப்ப கொல்லப் போற, அத சொல்லிடு. நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

அந்த வீட்டில் ஒரே ஒரு கறவை மாடு. செவலை. வீட்டில் கொளஞ்சியப்பன் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன். வைக்கோல்போர் கரைந்து, அடியில் இருந்த கல் தெரிய ஆரம்பித்துவிட்டது. மழை இல்லாமல் வரப்பில் புல் இல்லை. ஆலை அரவை ஆரம்பிக்கவில்லை. கரும்புத் தோகையும் கிடைக்காது. செவலைக்கு என்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது அந்தக் கறுத்த பச்சை ஒன்றுதான். அதைப் பார்த்து அது நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தது.

ஆகவே கொளஞ்சியப்பனுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம். இந்தச் சோளத்தை மாட்டுக்குப் போடலாமா, கூடாதா?

சின்னக் கேள்வி. பதிலுக்கு ஒரு வார்த்தை போதும். அதனால் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று நினைத்தார். அவருடைய குற்றங்களில் யூரியாவுக்கு அடுத்தது இதுதான்.

முதலில் இருசப்பனைப் பிடித்தார்.

"ஆடு செத்துப் போச்சிப்பா. உங்க சோளத்த தின்னுட்டு."

"திடலுக்குள்ள ஆட்ட வுட்டியா?"

"நான் எங்க வுட்டேன்? அதா வந்துச்சி."

"உள்ளே நுழையாதீர்னு போர்டு வெச்சிருக்குதே."

"ஆடு எங்கப்பா படிச்சிது? சரி, மாட்டுக்குப் போடலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு."

இருசப்பன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். "அத நான் சொல்லக் கூடாது கொளஞ்சி. நான் சொன்னா அது பரிந்துரை ஆயிடும். பரிந்துரை பண்ற அதிகாரம் எனக்கு இல்ல. ஊக்கப்படுத்தற அதிகாரம்தான் இருக்குது."

"சரி, ஊக்கப்படுத்து."

"நல்லா வரும் கொளஞ்சி. நீ தெகிரியமா இரு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

இங்கே திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் பசுந்தீவனப் பதன முன்னோடிச் சிறப்புத் திட்டம். பெயரை மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிறவர்களுக்கு அதில் வேலை கிடைக்கும் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு பேச்சு இருந்தது. விஷயம் என்னவோ சுலபமானதுதான். தீவன மக்காச்சோளத்தைப் பச்சையாக அறுத்து, துண்டு துண்டாக நறுக்கி, குழியில் போட்டு, காற்றுப் புகாமல் மிதித்து, மண்ணால் மூடிவிட வேண்டும். உள்ளே புளித்துப் பதமாகும். கோடையில் எடுத்து மாட்டுக்குப் போடலாம். ஊறுகாய்ப் புல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். "மனுசனுக்கே கஞ்சிக்குத் தொட்டுக்க ஊறுகா இல்ல. மாட்டுக்கு ஊறுகாவா?" என்று தங்கமணி அப்போதே கேட்டாள்.

குழி வெட்டி நெடுநாளாகிவிட்டது. மூடத்தான் முடியவில்லை. குழிக்குத் திறப்பு விழா நடக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மூடலாம் என்று உத்தரவு. திறந்து வைக்க ஒரு பெரிய விருந்தினர் வர வேண்டும். அவர் தேதி கொடுக்க வேண்டும். அதுவரை குழி திறந்தே கிடந்தது. ஆனால் இன்னும் திறக்கப்படவில்லை.

கொளஞ்சியப்பன் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி திட்ட அலுவலகத்துக்குப் போனார். கீழே பயிர்ப் பிரிவு, மாடியில் கால்நடைப் பிரிவு.

கீழே இருந்தவர் சொன்னார்: "வயல்ல நிக்கிற வரைக்கும் எங்களுது. அறுத்துக் கட்டு கட்டினா எங்களுது. மாட்டு மூஞ்சிக்கு முன்னாடி போடற வரைக்கும்கூட எங்களுதுதான். தின்னா என்ன ஆவும்னு கேட்டா, அது மாடி."

மாடியில் இருந்தவர் சொன்னார்: "தொண்டைக்குக் கீழ இறங்கிட்டா நாங்க பாத்துக்குவோம். அதுக்கு முன்னாடி நாங்க தலையிட்டா கீழ கோவிச்சுக்குவாங்க."

"நடுவுல வாய் ஒண்ணு இருக்குதுங்களே சார்?" என்றார் கொளஞ்சியப்பன்.

மாடிக்காரர் எழுந்து படிக்கட்டுக்கு வந்து கீழே குரல் கொடுத்தார். கீழ்க்காரர் பாதிப்படி ஏறி வந்தார். இருவரும் படிக்கட்டு நடுவில் நின்று கொளஞ்சியப்பனைப் பார்த்தார்கள். இவ்வளவு நாளாக மாட்டுக்கு வாய் இருப்பது யாருடைய கவனத்துக்கும் வரவில்லை. வாய் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய ஒரு கூட்டுக் குழு போடுவதென்று அங்கேயே தீர்மானமாயிற்று. "நல்ல கேள்வி கேட்டீங்க. பரிசீலனையில இருக்கு" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

அடுத்த தடவை போனபோது குழுவுக்குத் தலைவர் போடவில்லை. அதற்கடுத்த தடவை தலைவர் இருந்தார், மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பனுக்கு அந்த அலுவலகத்து பெஞ்சில் எந்தப் பலகை கடிக்கும், எது கடிக்காது என்பது வரை அத்துப்படியாகிவிட்டது. மாடு இளைத்தது. சும்மா சொல்லக் கூடாது, அவரும் இளைத்தார்.

கடைசியில் ஒருநாள் மனம் விட்டுப்போய், கீழ்க்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். "தப்பு என்னுதுதான் சார். கை கரும்புக் கை. யூரியா ரொம்ப ஜாஸ்தியா போயிடுச்சி. அதனாலதான் பயமா இருக்குது. ஒரு வார்த்த சொல்லிடுங்க."

கீழ்க்காரர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் அதுவரை காணாத ஒரு வெளிச்சம். "ஜாஸ்தின்னு சொல்லாதீங்க" என்றார் அன்பாக. "இலக்கைத் தாண்டிய சாதனைன்னு சொல்லுங்க."

அப்படித்தான் கொளஞ்சியப்பன் தென்னாற்காட்டிலேயே தழைச்சத்தை அதிகம் பயன்படுத்திய முன்னோடி விவசாயி ஆனார். பாராட்டு விழாவையும் குழித் திறப்பு விழாவையும் ஒன்றாக, அவர் வயலிலேயே வைத்துவிடுவதென்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து சாலை மறியல் என்று பேச்சு பலமாக அடிபட்டதால், அவசர அவசரமாக அன்றைக்கே வந்துவிட்டார்கள்.

ஜீப்பில் சிறப்பு அலுவலர் தனகோடி வந்து இறங்கினார். பின்னாலேயே சைக்கிளில் இருசப்பன். இன்னொரு சைக்கிளில், கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முகம்மது கவுஸ், கழுத்தில் கேமராவோடு. குழியைத் திறக்க வேண்டிய பெரிய விருந்தினர் மட்டும் வரவில்லை. எலவனாசூர்கோட்டைக்கு அந்தப் பக்கமே மறியல்காரர்கள் ஒரு நாள் முந்தியே மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்களாம், திரும்பிப் போய்விட்டாராம். குழி எப்போதும் போலத் திறந்து கிடந்தது.

தனகோடி வரப்பில் ஏறி நின்று பேசினார். எதிரே கொளஞ்சியப்பன், தங்கமணி, ஜீப் டிரைவர், வேடிக்கை பார்க்க வந்த சிலர், சற்றுத் தள்ளிச் செவலை.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் பச்சையைப் பாருங்கள். தலைமை அலுவலக ஜீப்பின் பச்சைகூட இவ்வளவு அழுத்தமாக இல்லை. இதற்குக் காரணம் நைட்ரஜன். நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. திட்டமும் அப்படித்தான். ஆனால் இரண்டும் எங்கும் இருக்கின்றன. நம் கொளஞ்சியப்பன் அவர்கள் ஒரு கேள்வி கேட்டதாக அறிகிறேன். கேட்கட்டும்! விவசாயி கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? கேட்கும் உரிமையை அரசு அவருக்குக் கொடுத்திருக்கிறது. பதில் சொல்லும் உரிமையை இன்னும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. வந்ததும் சொல்வோம். என் இத்தனை வருஷ சர்வீஸில் நான் சொன்ன பதில் ஒன்றுகூடத் தவறாகப் போனதில்லை என்பதை இங்கே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கை தட்டினார்கள். பதில் என்று ஒன்று போயிருந்தால்தானே தவறாகப் போக என்று கொளஞ்சியப்பனுக்குத் தோன்றியது. ஆனால் அதற்குள் தோளில் துண்டைப் போர்த்திவிட்டார்கள். துண்டு போர்த்திய மனிதனுக்கு எதிர்த்துப் பேச வராது.

"மாடு நம்ம தீவனத்தைச் சாப்பிடற மாதிரி ஒரு படம் வேணும்" என்றார் தனகோடி. இருசப்பன் ஓடிப்போய் ஒரு பிடி சோளத்தை ஒடித்து வந்து அவர் கையில் கொடுத்தான்.

கொளஞ்சியப்பன் மாட்டுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "சார், போடலாமுங்களா?"

"படத்துக்குத்தான்பா."

"படத்துக்குன்னு மாட்டுக்குத் தெரியாதுங்களே சார்."

அதற்குள் தங்கமணி வீட்டுக்குள் போய், களத்தில் தாம்பு ஓட்டும்போது கதிரைத் தின்னாமல் இருக்க மாட்டின் வாயில் கட்டுகிற கூட்டை எடுத்துவந்து செவலையின் மூஞ்சியில் மாட்டிவிட்டாள். "இப்ப எடுங்க" என்றாள்.

"வாய்க்கூடு போட்டுக்கினு எப்பிடிம்மா சாப்புடும்?" என்றான் இருசப்பன்.

"வாய் இன்னும் யாருதுன்னே முடிவாவலியாமே. முடிவான பெறகு கழட்டறேன்."

கவுஸ் கேமராவுக்குப் பின்னாலிருந்து சமாதானம் செய்தார். "இருக்கட்டும் வுடுங்க சார். மாடு கம்மியா தெரியும், நீங்க ஜாஸ்தியா தெரிவீங்க. அந்த மாதிரி வெச்சி எடுத்துடறேன்." எடுத்தும் விட்டார். பிற்பாடு திட்டத்தின் மலரில் அந்தப் படம் வந்தது. பூட்டிய வாய்க்கு முன்னால் தனகோடி சோளத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கீழே 'ஆர்வத்துடன் உண்ணும் கறவை மாடு' என்று போட்டிருந்தது.

விழா முடிந்து ஜீப் புறப்பட்டது. சற்று நேரத்திலேயே திரும்பிவந்தது. ஊர் முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது. பக்கத்தில் முனியன் நின்றான். கொளஞ்சியப்பனுக்கு மருமகன் முறை. படித்துவிட்டு சும்மா இருப்பவன்.

"நான் அரசாங்க வேலையா போறேன்பா. வழி விடு" என்று தனகோடி கேட்டிருக்கிறார்.

"நாங்களும் அந்த அரசாங்க வேலைக்குத்தான் சார் மறிச்சிக்கினு நிக்கிறோம்" என்றானாம் முனியன், ரொம்ப மரியாதையாக. "ஒரு வாரத்துக்கு ரோடு கெடயாதுங்க. மாமா வூட்டுல தங்கிக்கோங்க."

கவுஸ் சைக்கிளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டிப் போய்விட்டார். வேறு வழி பார்த்துவருகிறேன் என்று போன இருசப்பன் வேறு வழி கிடைத்ததும் அதிலேயே வீட்டுக்குப் போய்விட்டான். டிரைவர் ஜீப்பில் படுத்துத் தூங்கினார். தனகோடி மட்டும் கொளஞ்சியப்பன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

அலுவலகம் இல்லாமல் பார்த்தால் அவர் ரொம்பச் சின்ன மனிதராகத் தெரிந்தார். சட்டையைக் கழற்றினால் பனியனில் ஓட்டை. ராத்திரி கொசு கடிக்கிறது என்று யாரிடமாவது புகார் சொல்லப் பார்த்தார், வாங்கிக்கொள்ள ஆளில்லை. மறுநாள் காலை ஒரு ஓரமாக நின்று பல் தேய்த்துக்கொண்டே மாட்டைப் பார்த்தார். மாடும் அவரைப் பார்த்தது. "என்ன இப்படி எளச்சுக் கெடக்குது?" என்று கேட்டார்.

"பரிசீலனையில இருக்குதுங்க சார்" என்றார் கொளஞ்சியப்பன். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வேறு பதில் அவருக்கு மறந்து போயிருந்தது.

தங்கமணி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நுரை பொங்க இருந்தது. தனகோடி உறிஞ்சினார், முகம் தெளிந்தது. "கறந்த பால் கறந்த பால்தான்" என்றார்.

"குடிங்க சார். சாயங்காலமும் தர்றேன்" என்றாள். இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டாள். "வைக்கோலு நேத்தோட தீந்து போச்சி. அதான் உங்க சோளத்தையே அறுத்துப் போட்டுடலாம்னு போறேன். அது கத்தறத கேக்க முடியல. இந்த ஆளு கேள்வி கேட்டுக்கினு திரிஞ்சது போதும். தின்னா பால் கறக்கும், உங்களுக்குக் காப்பி. கீழ வுழுந்துச்சின்னா, நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே, பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டுத் திடலைப் பார்த்து நடந்தாள். மிரட்டுகிறாளா, நிஜமாகவே அறுக்கப் போகிறாளா என்று கொளஞ்சியப்பனுக்கே தெரியவில்லை. பாதி எழுந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று சொன்னால் வேறு என்ன போடுவது?

தனகோடி கையில் டம்ளரோடு இருந்தார். வலது பக்கம் பார்த்தார். கீழ்க்காரர் இல்லை. இடது பக்கம் பார்த்தார். மாடிக்காரர் இல்லை. மரத்துக்கு இந்தப் பக்கம் அவருக்கு மேலே யாரும் இல்லை, கீழே யாரும் இல்லை. அவரும் ஒரு மாடும்தான்.

தங்கமணி குனிந்து முதல் தட்டையைப் பிடித்தாள்.

"கூடாது!"

மாடே கத்துவதை நிறுத்திவிட்டது. தனகோடி எழுந்து நின்றிருந்தார். காப்பி பனியனில் கொட்டியிருந்தது. "கூடாதும்மா! போடாதீங்க! செத்துப் போயிடும்!"

எங்கெங்கோ பஸ் ஏறிப்போய், எத்தனையோ பெஞ்சில் உட்கார்ந்து தேடியது தன் வீட்டுக் கட்டில்மேல் இருந்ததைக் கொளஞ்சியப்பன் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ கண்தான் கலங்கியது.

"சார். இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"கூடாது" என்றார் தனகோடி, இந்தத் தடவை மெதுவாக. "உரம் ஜாஸ்தி, மழை இல்ல. அத்தனையும் தண்டுல நஞ்சா தேங்கி நிக்குது. உங்க ஆடு அதுலதான் போச்சு. பச்சையா ஒரு வாய் போடக் கூடாது."

"இது உங்களுக்கு எப்பத்துலேர்ந்து சார் தெரியும்?"

"படிச்ச காலத்துலேர்ந்து தெரியும்." தனகோடி டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியும்னு சொன்னா அடியில கையெழுத்துப் போடணும். அதான் சொல்லல."

அதில் பொய் ஒன்றும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

"அப்ப இன்னிக்கி இது இன்னா சார் திங்கும்?"

தனகோடி சாலைப் பக்கம் கையைக் காட்டினார். "அவ்வளவு பெரிய தூங்குமூஞ்சி மரம் தழையோட கெடக்குதே. மாடு நல்லா திங்கும். அறுத்துக்கிட்டு வாங்க. நானும் வர்றேன், ரெண்டு கட்டு தூக்கறேன். இந்தச் சோளத்த அடித்தண்ட வயல்லயே வுட்டுட்டு மேலாக்க அறுங்க. நறுக்கிக் குழியில போட்டு மிதிங்க. நல்லா புளிக்கட்டும், நஞ்சு பாதிக்கு மேல எறங்கிடும். பொங்கல் கழிச்சு எடுத்து, வைக்கோலோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா போடுங்க."

தங்கமணி அரிவாளோடு திரும்பிவந்து நின்றாள். கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாராட்டு விழாத் துண்டுதான். தழைக்கட்டு தூக்கத் தலைக்குச் சும்மாடாகும். இரண்டடி நடந்தவர் நின்றார். பழகிப்போன பயம் ஒன்று இன்னும் பாக்கி இருந்தது.

"குழிக்கு இன்னும் திறப்பு விழா நடக்கலியே சார். மூடலாமுங்களா?"

தனகோடி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மூடு."